திருச்சியிலிருந்து மீனம்பாக்கம் வரை

என் அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பிய அதே நாளில்தான் நான் மலேசியாவிலிருந்து திரும்பினேன். நான்கு வருஷமாக அவள் முகத்தைப் போனில் மட்டும் பார்த்திருந்தேன். அவளுக்கு ராத்திரி மீனம்பாக்கத்தில் விமானம். எனக்குக் கிடைத்த டிக்கெட் திருச்சிக்கு. அன்றைக்கு விட்டால் இன்னும் இரண்டு வருஷம்.

நான் எட்டாவதோடு நின்றவன். சூரத், பூனா என்று வடக்கேதான் சுற்றியிருக்கிறேன். தெற்கே உளுந்தூர்பேட்டையைத் தாண்டியதில்லை. இரண்டு விமான நிலையத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று கிளம்புமுன் போனில் தேடினேன். ஒரு மணி நேரம் என்று வந்தது. புது ரோடு போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். விழுப்புரம் பாதி வழி, அப்படியானால் அரை மணி நேரம். மத்தியானச் சோற்றுக்கு விழுப்புரம் பைபாஸுக்கு வந்துவிடுவேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவளும் நம்பி, விழுப்புரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் திருவாமாத்தூரிலிருந்து முன்னாலேயே வேனைக் கிளப்பிவிட்டாள். எங்கள் பக்கம் ஒருவர் விமானம் ஏறப் போனால் வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆள் போவார்கள்.

நான் திருச்சியில் பஸ் ஏறும்போதே மணி பன்னிரண்டு. விழுப்புரம் அரை மணி நேரம்தானே என்று கண்டக்டரிடம் கேட்டேன். அவர் என் போனை வாங்கிப் பார்த்தார். தேடியபோது நான் எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டில், அந்த ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு விமானம் இருந்தது. அது பறந்து போகிற நேரம், பஸ்ஸுக்கு விழுப்புரமே மூன்றரை மணி என்றார். சிரிக்கவில்லை. என் போனில் இந்த ஊர் சிம் இல்லை என்றதும் தன் போனை நீட்டினார்.

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"சாப்ட்டியா?" என்றாள்.

இல்லை என்றேன்.

"விழுப்புரம் வேணாம். நாங்க திண்டிவனம் போயி நிக்கிறோம். நாலரை வரைக்கும் நிப்பேன். அதுக்கு மேல முடியாதுடா."

விழுப்புரம் தாண்டும்போது, அவர்கள் நின்றிருக்க வேண்டிய இடத்தை ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். யாரோ தர்பூசணி விற்றுக்கொண்டிருந்தார்கள்.

திண்டிவனத்தில் நான் குதித்தபோது நாலே முக்கால். மேம்பாலத்துக்குக் கீழே வேன் உறுமிக்கொண்டு நின்றது. டிரைவர் சாவியைத் திருப்பிக் கால் மணி நேரம் ஆகிறதாம். அக்காதான் வேனில் ஏறாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

பெரியம்மா தலையை நீட்டினாள். "இன்னா தொர, ஏரோப்ளேன்ல எறங்குவேன்னு பாத்தா பஸ்ல வர்ற?"

அக்கா என்னை உள்ளே தள்ளி, பக்கத்தில் உட்காரவைத்தாள். டப்பாவைத் திறந்து கேப்பை அடையும் வேர்க்கடலை அரைத்த மல்லாட்டைச் சட்னியும் கொடுத்தாள். கடைசி வாய் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள். டப்பாவை மூடினாள். அச்சிறுப்பாக்கம் வருவதற்குள் அவள் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது.

இரண்டு ராத்திரியாகத் தூங்கவில்லை என்றார் முன்சீட்டிலிருந்த மாமா, அவள் புருஷன். தம்பி வந்திருக்கும்போது இவள் தூங்கிக்கினு வர்றாளே என்று பெரியம்மா அவளை உலுக்கக் கை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். சொல்ல நான்கு வருஷத்துக் கதை இருந்தது. செங்கல்பட்டு போயிற்று, தாம்பரம் போயிற்று. தோள் மரத்துப்போயும் நான் அசையவில்லை.

மீனம்பாக்கத்தில் வேன் நின்றதும் விழித்தாள்.

"ஏண்டா எழுப்பல?"

என் சட்டைத் தோளில் அவள் எச்சில் பட்டிருந்தது. துப்பட்டாவால் அதை அழுத்தித் துடைத்தாள். பிறகு பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.