உப்புப் பார்த்த படம்

ஒரு டெலிபோட்டோ லென்ஸை மாற்றுவதா வேண்டாமா என்று நான் ஏழெட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அதற்குள் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்த்து, நிச்சயம் பண்ணி, கல்யாணத்தையே முடித்துவிட்டார்கள். இதை எனக்குச் சுட்டிக்காட்டியது என் மனைவிதான்.

என்னிடம் இருந்தது எழுபது-முந்நூறு மில்லிமீட்டர் லென்ஸ். பதினோரு வருடப் பழசு. வெயிலில் கண்மாய்க்குள் நிற்கிற கொக்குக்கும் நாரைக்கும் அது போதும். வீட்டுக்குள் நுழைந்தால் குருடு. எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் வெளிச்சம் வளவில் மட்டும்தான் விழும். நடு முற்றத்தையும் அதைச் சுற்றிய தாழ்வாரத்தையும் சேர்த்து இங்கே வளவு என்போம். அதிலிருந்து பத்தடி உள்ளே போனால் பகலிலும் இருட்டு. அந்த இருட்டில் என் லென்ஸ் எடுக்கிற முகமெல்லாம் ரவை தூவின மாதிரி இருக்கும். நான் ஆசைப்பட்டது எழுபது-இருநூறு, இரண்டு புள்ளி எட்டு. தூரம் கொஞ்சம் குறைவு, ஆனால் வாய் அகலம், இருட்டிலும் கண் தெரியும். விலை என்னவோ நான் சிவகங்கைக்கு பஸ்ஸில் போய் வந்து பார்க்கிற அரசாங்க உத்தியோகத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத விலை.

படம் எடுப்பது எனக்குத் தொழில் இல்லை, கிறுக்கு. "நல்லா எடுப்பாரு, காசு வாங்க மாட்டாரு" என்று பெயர் எடுத்துவிட்டதால் சுற்றுவட்டாரத்தில் எந்த விசேஷம் என்றாலும் கூப்பிடுவார்கள். காசு வாங்க மாட்டேன் என்பதில் எனக்கு ஒரு கர்வமும் உண்டு. காசு வாங்காதவனை யாரும் கேள்வி கேட்க முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரைக்குடியில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் ஒருவர் புது கேமராவுக்கு மாறினார். அவருடைய பழைய லென்ஸ் புதுசில் சேராது. நான் ஏங்கிக்கொண்டிருந்த அதே லென்ஸ். "ஒரு வாரம் வச்சு எடுத்துப் பாருங்க சார், பிடிச்சா பேசிக்குவோம்" என்று கையில் கொடுத்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டு வந்து முதலில் காலண்டரை எடுத்தேன், பிறகு காயப்போட்ட துணியை எடுத்தேன், பிறகு மனைவியை எடுக்கப் போனேன். "வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டீக. அப்புறம் எதுக்கு என்னைய நிக்க வச்சு சோதிக்கிறீக?" என்று உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரம்தான் கண்டனூரில் என் பள்ளித் தோழனின் வீட்டில் படைப்பு. அவன் இருப்பது சென்னையில். கல்யாணத்துக்கும் படைப்புக்கும்தான் அந்த வீட்டைத் திறப்பார்கள். படைப்பு என்பது பங்காளிகள் எல்லோரும் கூடி, வீட்டின் முன்னோர்களுக்குப் புதுத்துணி வைத்து, சமைத்து, இலை போட்டுப் படைத்துக் கும்பிடுவது. அந்த வீட்டில் ஒரு கண்டிப்பு உண்டு. படைக்கிற வரைக்கும் சமைத்த எதையும் யாரும் வாயில் வைக்கக் கூடாது. சமைப்பவர்கூட உப்புப் பார்க்கக் கூடாது. முன்னோர் சாப்பிடுவதற்கு முன்னால் நாம் நாக்கை வைத்தால் அது எச்சில், படைத்தது படைத்ததாகாது.

முன்பெல்லாம் பங்காளி வீட்டுப் பெண்களே சமைப்பார்களாம். இப்போது அவர்களுக்கு முடியவில்லை. இருபது வருடமாக நாச்சியாபுரத்திலிருந்து ஓர் அக்கா நான்கு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து சமைக்கிறார். அந்த வீட்டுக்கு மட்டுமில்லை, அந்தத் தெருவில் பல வீடுகளுக்கு அவர்தான். காரணம் அவர் கை. நூறு பேருக்கான குழம்பில் உப்பை அள்ளிப் போடுவார், ருசி பார்க்காமலே. ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்று ஆச்சிகளே சொல்வார்கள். ஆச்சிகள் அவ்வளவு சுலபமாக யாரையும் புகழ்கிறவர்கள் இல்லை. விசேஷ வீடுகளில் என்னைப் பார்த்தால் "சாப்பிட்டீகளா தம்பி?" என்று கேட்பது அந்த அக்கா ஒருவர்தான்.

அன்று நான் வளவின் இந்தப் பக்கத் தூணில் சாய்ந்து நின்றேன். எதிர்ப்பக்கம், வாசல் வழியாகத் தெரிகிற இரண்டாம் கட்டுச் சமையல் பகுதியில், கோட்டை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நடுவில் நாற்பது, ஐம்பது அடி. அக்கா அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றார். புகைக்கூண்டு வழியாக ஒரு துண்டு வெயில் அவர் முகத்தில் சாய்ந்திருந்தது. நான் லென்ஸைத் தூக்கி, இருநூறில் வைத்து, எடுத்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். அந்த இருட்டில் அவர் நெற்றியில் வேர்வை முத்து முத்தாகத் தெரிகிறது. ஒவ்வொரு இமை முடியும் தனித்தனியாகத் தெரிகிறது. பதினேழு படத்தில் ஒன்றைப் பொறுக்கினேன். வலது கை விரல் வாயருகே இருக்கும் படம். இடது பக்கக் கீழ் மூலையில் என்னவோ வெள்ளையாய் மின்னிக் கண்ணை உறுத்தியது. அதை வெட்டினேன். வெறும் முகத்தையும் கையையும் மட்டும் வைத்து, எங்கள் வட்டாரத்து கேமராக் கிறுக்கர்களின் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். "எழுபது-இருநூறில் எடுத்தது. ஷார்ப்னஸ் பாருங்கள். வாங்கலாமா?" என்று கேட்டிருந்தேன்.

வாங்கு வாங்கு என்றார்கள் எல்லோரும். அடுத்தவன் காசு என்றால் எங்கள் குரூப்புக்குத் தயக்கமே கிடையாது. அதில் ஒருவன் என் தோழனின் அக்கா மகன், கோயம்புத்தூரில் இருக்கிறான். அவன் நல்ல எண்ணத்தில்தான், நம் வீட்டுப் படைப்பு எவ்வளவு அழகாக வந்திருக்கிறது பாருங்கள் என்று அந்தப் படத்தை அவர்கள் குடும்பக் குரூப்பில் போட்டிருக்கிறான். அங்கே ஒரு ஆச்சி அதைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்.

மறுநாள் நான் ஆபீஸில் இருந்தபோது தோழன் கூப்பிட்டான்.

"ஏன்டா, அந்தப் படம் நீ எடுத்ததுதானே?"

"ஆமா. எப்படி இருக்கு?"

"எப்படி இருக்கா? அந்தம்மா உப்புப் பாக்குறது அப்படியே தெரியுது. வீடே அல்லோலகல்லோலப்படுது. பெரிய ஆச்சி சாப்பிடாம உக்காந்திருக்காக. இருபது வருசமா இப்படித்தான் எச்சி பண்ணிப் போட்டாளான்னு கேக்குறாக. மறுபடி படைக்கணும்ங்கிறாக."

அக்காவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இனி வர வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் அதே தெருவில் அவர் ஒத்துக்கொண்டிருந்த கல்யாணமும் போயிற்று. இருபது வருடம் தப்பாத கையைப் பற்றிய பேச்சு ஒரே நாளில் மாறிப்போனது, என் லென்ஸ் ஷார்ப்பாக இருக்கிறதா என்று நான் ஊரைக் கேட்டதால்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்தப் படத்தைத் திறந்தேன், வெட்டாத முழுப் படத்தை. மூலையில் மின்னியது ஒரு மாத்திரை அட்டை. அக்கா அதை இடது கையில் இடுப்போடு ஒட்டிப் பிடித்திருந்தார். பெரிதாக்கினேன். அட்டையில் இருந்த எழுத்தைப் படிக்க முடிந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்: ஐம்பது அடியிலிருந்து மாத்திரை அட்டையின் எழுத்து தெரிகிறதே, என்ன லென்ஸ்டா இது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

மாத்திரையின் பெயர் எனக்குத் தெரிந்த பெயர். என் அப்பா கடைசிக் காலத்தில் நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டது. விரலால்தான் உள்ளே வைப்பார். தண்ணீர் வேண்டாம். அப்படியானால் அக்கா உப்புப் பார்க்கவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். முழுப் படத்தையும், அட்டையை மட்டும் பெரிதாக்கிய இன்னொரு படத்தையும் அப்போதே தோழனுக்கு அனுப்பினேன். அந்த அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை, எல்லோருக்கும் காட்டு என்று எழுதினேன். நியாயத்தை நிலைநாட்டிவிட்டவன் மாதிரி அன்றைக்கு இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

அவனும் எல்லோருக்கும் காட்டினான். பெரிய ஆச்சி சமாதானமாகிவிட்டார். மறுபடி படைக்க வேண்டியதில்லை என்று முடிவானது. அவரே அக்காவைக் கூப்பிட்டு, தப்பாக நினைத்துவிட்டோம் என்று சொன்னாராம். கூடவே இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். "நெஞ்சு வலிய வச்சுக்கிட்டு இத்தனை நாளும் அடுப்புல வெந்திருக்கியே தாயி. அண்டாவைத் தூக்கயில ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்றது? போதும், நீ வீட்டுல இருந்து உடம்பைப் பாத்துக்க."

கல்யாண வீட்டுக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். முதலில் கோபத்தில் நிறுத்தினார்கள், பிறகு பரிவில் நிறுத்தினார்கள். கோபத்தையாவது விளக்கிச் சொல்லித் தீர்க்கலாம், பரிவுக்குப் பதில் சொல்ல அக்காவிடம் எதுவும் இல்லை. வலியை ஒருத்தருக்கும் தெரியாமல் அவர் எதற்கு மறைத்து வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு படத்தில் அவர் பிழைப்பு பாதி போச்சு, மீதியைக் கெடுக்க இன்னொரு படத்தையும் நானே தேடி எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதுவும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

மனைவியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. "போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள். திட்டியிருந்தால் அதைச் சாக்காக வைத்து நானும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஆறியிருப்பேன்.

லென்ஸ் இப்போது என்னிடம் இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன். குரூப்பில் சிலர் இதை ஏதோ வைராக்கியம் என்று நினைக்கிறார்கள். கிடையாது. அக்காவைப் பார்க்கப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்கூட அதை வாங்கிவிடுகிற எண்ணம் எனக்கு இருந்தது. மன்னிப்புக் கேட்பேன், பரவாயில்லை தம்பி என்று அவர் சொல்வார், அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் ஒரு ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஓரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே அருவருப்பு வருகிறது.

அக்கா வீட்டு வாசலில், வேப்ப மரத்தடியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஒரு ஹோட்டலுக்காம். மூட்டையாகக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள், உரித்துக் கொடுக்க வேண்டும். என்னைக் கண்டதும் "வாங்க தம்பி, இங்குட்டு நிழல்ல உக்காருங்க" என்று முறத்தை நகர்த்தினார். நான் உட்கார்ந்தேன். படத்தைப் போட்டது நான்தான், முழுப் படத்தை அனுப்பியதும் நான்தான், உங்கள் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

"பரவால்ல தம்பி. நீங்க வேணும்னா செஞ்சீக?" என்றார்.

நான் எதிர்பார்த்து வந்த அதே வார்த்தை. நெஞ்சு லேசானது. லேசானதும் அந்த லென்ஸ் ஞாபகம் வந்தது. அந்த வெட்கத்தை மறைக்க ஏதாவது கேட்க வேண்டுமே என்று, அத்தனை நாளும் கேட்காததைக் கேட்டேன்.

"அன்னைக்கு வலி ரொம்பவாக்கா?"

அக்கா வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"அன்னைக்குத்தான் தம்பி ரொம்ப. கரண்டியப் பிடிக்க முடியலை. வேர்த்துக் கொட்டுது. பிள்ளைகள் எல்லாம் பின்னாடி தேங்கா துருவிக்கிட்டிருக்குதுக. கூப்பிடலாம்னா சத்தம் வரலை. நிமிந்து பாத்தா எதுத்தாப்புல நீங்க நிக்கிறீக. என்னையத்தான் பாக்குறீகன்னு தெரிஞ்சுச்சு. அப்பாடா, தம்பி பாத்துட்டாக, வந்துருவாகன்னு நெனச்சேன்."

பதினேழு படங்களிலும் நேரம் பதிந்திருக்கிறது. முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையில் நான்கு நிமிடம். நான்கு நிமிடமும் அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.