மணிமொழிக்கு ஒரு சான்றுக் கடிதம்

குன்னத்தில் லோடு ஆட்டோ ஓட்டும் மாயவனுக்கு அசைக்க முடியாத ஒரு நம்பிக்கை உண்டு. எந்த மனுவாக இருந்தாலும் அதன் பின்னால் ஒரு பெரிய மனிதரின் கடிதம் இருந்தால்தான் அது நகரும். ரேஷன் கார்டில் பெயர் சேர்த்ததும் அப்படித்தான், ஆட்டோவுக்கு லோன் வாங்கியதும் அப்படித்தான். ஆகவே மகள் மணிமொழி படிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடுகிறாள் என்று தெரிந்ததுமே, யாரையும் கேட்காமல் ஊராட்சியின் முன்னாள் தலைவர் வீட்டுக்குப் போய்க் கடிதம் வாங்கி வந்துவிட்டார். ‘இப்பெண்ணை எனக்குச் சிறுவயது முதல் தெரியும். ஏழை. ஒழுக்கமானவர்’ என்று மூன்று வரி. அதன் கீழே பச்சை மையில் கையெழுத்து, இரண்டு முத்திரை.

“அவங்க இதக் கேக்கலப்பா. நம்ம வேலயப் பாத்தவங்க எழுதணும்னு போட்டிருக்கு” என்றாள் மணிமொழி.

“போட்டிருப்பான். தலைவர் கையெழுத்தப் பாத்தா எந்திரிச்சு நிப்பான், பாரு.”

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் மாயவன். மணிமொழியும் அவர்கள் கேட்டிருந்த இரண்டு கடிதங்களில் ஒன்றாக அதையே வைத்து அனுப்பினாள். அப்பா சொல்வதில் அவளுக்கும் உள்ளூரப் பாதி நம்பிக்கை இருந்தது என்பதை மறைப்பானேன்?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு அரியலூரில் ஒரு பகல்நேர மையத்தில் உதவியாளராகச் சேர்ந்தவள் அவள். அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகள் வரும் இடம். சும்மா இருப்பதற்குப் போவோம் என்றுதான் போனாள். இரண்டு வருடத்தில், செருப்பு மாட்டத் தெரியாத பிள்ளைக்குச் செருப்பு மாட்டக் கற்றுக்கொடுப்பதைவிட வேறு எந்த வேலையும் தனக்குப் பிடிக்காது என்று தெரிந்துகொண்டாள். இதற்கென்றே திருச்சியில் இரண்டு வருட டிப்ளமோ இருந்தது. இந்தத் துறையில் படிக்க வருகிறவர்களுக்குக் கட்டணமும் விடுதியும் தரச் சென்னையில் ஓர் அறக்கட்டளையும் இருந்தது. கிடைத்தால் திருச்சி. கிடைக்காவிட்டால் ஜூன் மாதம் முதல் டவுனில் ஒரு ஜவுளிக்கடை. அங்கே சொல்லியும் வைத்தாயிற்று.

பத்தே நாளில் அறக்கட்டளையிலிருந்து போன் வந்தது. மையத்தின் பொறுப்பாளர் மேகலா டீச்சர் கொடுத்த கடிதம் சரி. இன்னொன்று, மணிமொழியிடம் ஒரு வருடமாவது தனியாகப் பயிற்சி பெற்ற பிள்ளையின் வீட்டார் எழுதியதாக இருக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் வேண்டும். பச்சை மைக்கு யாரும் எழுந்து நிற்கவில்லை.

அப்படி அவள் பொறுப்பில் தனியாக இருந்த பிள்ளை ஒருவன்தான். பெயர் ஜெயசீலன், வயது பன்னிரண்டு. அவனுடைய அம்மா சிந்தாமணியோ மணிமொழியோடு பேசி ஆறு மாதம் ஆகியிருந்தது.

சண்டை சோற்றில் வந்தது. ஜெயசீலன் அதுவரை சோற்றில் கை வைத்தவன் அல்ல. சிந்தாமணி பிசைந்து உருட்டி ஊட்டிவிட்டால்தான் உண்டு. மையத்தில் மணிமொழி தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு, தன் கைகளை மடியில் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். அவன் கத்தினான், தட்டைத் தள்ளினான், அழுதான். நாற்பது நிமிடம் ஆகியும் அவள் அசையவில்லை. கல்யாண வீட்டுக்குக் கூட்டிப்போக அன்றைக்குப் பார்த்து முன்னதாகவே வந்த சிந்தாமணி, ஜன்னல் வழியாக அதைக் கண்டாள். பெற்ற வயிறு பற்றிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

“புள்ளயப் பட்டினி போட்டு வேடிக்க பாக்குறியா? சோத்தோட அரும தெரியுமாடி ஒனக்கு?”

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பத்து நாள் கழித்து அவள் கணவர் நடராசன்தான் அவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். அதன் பிறகு சிந்தாமணி மையத்துப் பக்கமே வரவில்லை. மணிமொழிக்கு வலித்தது அந்தக் கடைசி வார்த்தை. அவள் தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் இறங்கினால்தான் அடுப்பு எரியும் என்றிருந்த குடும்பம் அது. சோற்றின் அருமையை அவளுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? வந்த ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு, மறுபடியும் தட்டை அவன் முன்னால் வைத்தாள். மூன்று மாதத்தில் ஜெயசீலன் தானே பிசைந்து சாப்பிட்டான். வீட்டிலும் அப்படிச் சாப்பிடுகிறானா என்று கேட்க மட்டும் அவளுக்குத் துணிவு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனாள். அரியலூருக்குக் கிழக்கே முந்திரிக்காட்டை ஒட்டிய ஊர். சிந்தாமணி களத்தில் முந்திரிக்கொட்டையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மணிமொழி வந்த விஷயத்தைச் சொல்லி முடிக்கும் வரை அவள் நிமிரவே இல்லை.

“நடந்தத எழுதணுமா, நல்லதா எழுதணுமா?”

“நடந்தத எழுதுங்கக்கா.”

“எனக்கு எழுத வராது. எம்பொண்ணு சுதா எழுதுவா. ஒட்டித்தான் தருவேன். நீ பிரிச்சுப் படிக்கக் கூடாது.”

“சரிங்கக்கா.”

களத்து ஓரத்தில் வேப்பமரத்தடியில் மணிமொழி அரை மணி நேரம் நின்றாள். உள்ளேயிருந்து சுதாவின் குரல் கேட்டது. “அம்மா, இதையுமா எழுதணும்?” அதற்குச் சிந்தாமணி, “எழுதுடி, சொன்னத எழுது” என்றாள். மணிமொழிக்கு ஜவுளிக்கடை கண்முன்னே தெரிந்தது.

சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிய கவர் கைக்கு வந்தது. வீட்டில் மாயவன் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். “இட்டிலிப் பானை ஆவியில காட்டுனா அலுங்காம பிரிஞ்சிரும். பாத்துட்டு ஒட்டிரலாம், பாப்பா” என்றார். மணிமொழி அவர் கையிலிருந்து கவரைப் பிடுங்கி, மறுநாள் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினாள்.

நேர்காணல் பெரம்பலூரில், ஒரு பள்ளிக்கூடத்து அறையில் நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அரவிந்தன் என்பவர் அந்தக் கவரை எடுத்தார். “இந்த மாதிரி ஒரு கடிதம் எங்களுக்கு இதுவரைக்கும் வந்ததில்லம்மா” என்று சொல்லிவிட்டு, சத்தமாகப் படித்தார்.

“‘ஐயா அம்மா அவங்களுக்கு, சிந்தாமணி சொல்லி மகள் எழுதுவது. இந்தப் பொண்ணு எம்புள்ளய நாப்பது நிமிசம் சோத்த முன்னால வெச்சு அழ வுட்டா. நான் கண்ணால பாத்தேன்.’ இது உண்மையா?”

“ஆமாங்க சார்.”

“தப்புன்னு தோணலியா?”

மணிமொழி கொஞ்சம் யோசித்தாள். “ரெண்டு தப்பு சார். அவங்க அம்மாகிட்ட முன்னாடியே சொல்லாதது ஒண்ணு. இன்னொண்ணு, நாப்பது நிமிஷம் ரொம்ப அதிகம். அழ வுடாம அதச் சொல்லிக்குடுக்க வழி இருக்கும். எனக்குத் தெரியல. காத்துக்கிட்டு இருக்க மட்டுந்தான் தெரிஞ்சுது. அதான் சார் படிக்கக் கேக்குறேன்.”

அரவிந்தன் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு மீதியைப் படித்தார்.

“‘போன மாசம் எனக்கு ரெண்டு நாளு காச்சல். எந்திரிக்க முடியல. அவங்கப்பாவும் மகளும் ஊருக்குப் போயிருந்தாங்க, வூட்டுல ஆளு இல்ல. எம்புள்ள தட்டுல சோத்தப் போட்டுப் பெசஞ்சு அவனே தின்னான். அப்புறம் இன்னொரு தட்டுல போட்டு எனக்குக் கொண்டாந்து வெச்சான். நான் செத்தா இவனுக்கு யாரு ஊட்டுவான்னு பன்னண்டு வருசம் அழுதிருக்கேன். இப்ப அழுவறதில்ல. இந்தப் பொண்ணப் படிக்க வையுங்க. ஆனா அந்த நாப்பது நிமிசத்தக் கொறைக்கறதுக்கும் சொல்லிக்குடுங்க.’”

மணிமொழி அழுதாள். நேர்காணலில் அழக் கூடாதென்று எல்லோரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இருந்தும் அவளால் முடியவில்லை. அரவிந்தனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மையார் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்திவைத்தார்.

மூன்றாம் வாரம் உத்தரவு வந்தது. இரண்டு வருடப் படிப்புக்கும் விடுதிக்கும் முழுத் தொகை. மாயவன் அதை எடுத்துக்கொண்டு முன்னாள் தலைவருக்கு நன்றி சொல்லக் கிளம்பினார். கடைசி வரை அவர் திருந்தவில்லை. மணிமொழி அரியலூர் பஸ் ஏறினாள். சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லாமல் விட்ட இடம் ஒன்று அவளுக்கு இருந்தது.

சிந்தாமணி வீட்டில் மதியச் சாப்பாட்டு நேரம். ஜெயசீலன் தட்டின் முன்னால் உட்கார்ந்து, முழங்கை வரை குழம்பு வழியப் பிசைந்துகொண்டிருந்தான். மணிமொழி வாசலிலேயே நின்றாள்.

“அக்கா, அன்னிக்கே ஒங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். தப்புதான்க்கா.”

சிந்தாமணி உள்ளே போய், ஒரு தட்டைக் கழுவி எடுத்துவந்து மகனுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“உள்ள வந்து உக்காரு. சோறு சட்டியில இருக்கு. நீயே போட்டுத் தின்னு, புள்ள. இந்த வூட்டுல இப்ப யாரும் யாருக்கும் ஊட்டுறதில்ல.”