சின்னப்பொண்ணு வீட்டுப் பூட்டு

போன மாதம் வாழவந்தியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஒரு அம்மாள் அறுத்த பலாப்பழத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஏறினார். சமூகப்பணி படிக்கும் நான்கு மாணவிகள் என்னோடு இருந்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசப் பழகட்டும் என்று அவர்களைச் சேலத்துக்கு மேலே இருக்கும் இந்த மலைக்குக் கூட்டிப்போவது இப்போது என் வேலை. வாசனை பஸ்ஸை நிறைத்ததும் ஒருத்தி துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். எனக்கோ விரல் நுனி பிசுபிசுத்தது. இருபத்தைந்து வருடமாக இப்படித்தான். பலா மணம் வந்தால் எனக்குப் பசி எடுக்காது. ஒரு சன்னல்தான் ஞாபகம் வரும்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. குழந்தைகள், குடும்ப நலம் பார்க்கும் ஒரு சேவை அமைப்பின் மலை ஆபீசில் முதல் வேலை. கஞ்சி போட்ட பருத்திச் சேலை, மார்போடு அணைத்த ஃபைல், பரீட்சையில் வாங்கிய முதல் வகுப்பு. 'யாரையும் எடைபோடுவதற்கு முன் அவர் சொல்வதைக் கேட்கவேண்டும்' என்பதை நான்கு பக்கம் விளக்கி மார்க் வாங்கியவள் நான். எழுதுவது எளிது, பாருங்கள்.

கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட். அங்கே தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில், ஒரு தாய் இரண்டு குழந்தைகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறாள் என்று யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள். விசாரிக்க என்னை அனுப்பினார்கள். காலை பதினொரு மணிக்குப் போனேன். புகாரில் பொய்யில்லை. கதவில் பெரிய பூட்டு. சன்னலில் இரண்டு முகங்கள். பெரியவள் சுமதிக்கு நான்கு வயது இருக்கும், சின்னதற்கு இரண்டு.

"அம்மா எங்க கண்ணு?"

"வேலைக்குப் போயிருக்குது. நீங்க திங்கறீங்களா?" என்று சுமதி தட்டிலிருந்து ஒரு பலாச்சுளையை எடுத்துக் கம்பி வழியே நீட்டினாள்.

வாங்கித் தின்றேன். தின்றுவிட்டு ஆபீசுக்குப் போய், பிசுக்கு போகாத அதே விரல்களால் எழுதினேன்: 'தாயின் அலட்சியம். குழந்தைகளை அரசு இல்லத்தில் சேர்க்கலாம்.' என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பார்கள்.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அதைச் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அன்றுதான் அந்தத் தாயை, சின்னப்பொண்ணுவை, முதன்முதலாகப் பார்த்தேன். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவள். கணவன் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். அழவில்லை.

"ஏனுங்க, பூட்டுப் போட்டதப் பாத்தீங்க. எதுக்குப் போட்டேன்னு என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். பலா மரத்தடி ஈர மண்ணில் என் கை அகலத்துக்குக் குளம்புத் தடங்கள். விழுந்த பழத்துக்குக் காட்டெருமை வருமாம், பட்டப்பகலிலேயே.

"பால்வாடி நொம்ப தூரமுங்க. எஸ்டேட்டுல அஞ்சு மணிக்குத்தான் உடறாங்க. பூட்டலீன்னா சின்னது வெளிய ஓடிருமுங்க. பன்னெண்டு மணிக்கு மேட்டுலருந்து ஓடியாந்து சோறூட்டிட்டுப் போறனுங்க. நீங்க அது வரைக்கும் நின்னிருந்தாப் பாத்திருப்பீங்க."

நான் நிற்கவில்லை. பதினொன்றரை பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருந்தேன்.

மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர்தான். "பூட்டு இருந்தது நெசந்தானேம்மா? எழுதினத மாத்துனா, இனிமே நீ எழுதறத யாரு நம்புவாங்க?" என்றார். அதுவும் சரிதான் என்று பட்டது. அறிக்கையை மாற்றாமல் விட்டேன்.

விசாரணை சேலத்தில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணைக் குழுவினர் மூன்று பேர். சின்னப்பொண்ணு சின்னதை இடுப்பில் வைத்துக்கொண்டு, சுமதியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் எழுந்து, "இந்த அறிக்கை தப்புங்க. பூட்ட மட்டும் பாத்துட்டு எழுதிட்டேன்" என்றேன். நடந்ததையெல்லாம் சொல்லி முடித்ததும், தலைவராக இருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு சின்னப்பொண்ணு பக்கம் திரும்பினார்.

"உனக்கு என்ன வேணும்மா?"

அத்தனை காகிதத்திலும் இல்லாத கேள்வி அது.

"நான் வர்ற வரைக்கும் புள்ளைங்களப் பாத்துக்க ஒரு ஆள் இருந்தாப் போதுமுங்க. அப்புறம் நான் எதுக்குப் பூட்டப்போறனுங்க?"

பிள்ளைகள் தாயோடு இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

திரும்பும்போது ஒரே பஸ்ஸில் ஏறினோம். அவளிடம் மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தயார்செய்து வைத்திருந்தேன். வாயைத் திறக்க முடிந்தால்தானே! மலைப்பாதை வளைவுகள் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. மூன்றாவது வளைவிலேயே தலையைச் சன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டேன். சின்னப்பொண்ணு சின்னதைச் சுமதியின் மடியில் வைத்துவிட்டு என் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு. கீழ பாக்காதீங்க, தூரமாப் பாருங்க."

மேலே போய்ச் சேரும்வரை அந்தக் கையை அவள் எடுக்கவில்லை.

அதன்பிறகு அப்படியொரு ஆளைக் கேட்டு மனு எழுதுவதே என் வேலையாயிற்று. எஸ்டேட்டில் கேட்டால் அரசாங்கத்தைக் கேளுங்கள் என்றார்கள். அங்கே கேட்டால் எஸ்டேட்டைக் காட்டினார்கள். ஒரு வருடம் கழித்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் பழைய உர ஷெட்டை ஒழித்துக் கொடுக்க, சாயங்காலம் வரை திறந்திருக்கும் பிள்ளைக் காப்பகம் வந்தது. அதைப் பார்த்து அக்கம்பக்கத்து எஸ்டேட் காப்பகங்கள் சிலவற்றிலும் அதே நேரத்தை வைத்தார்கள். என் வாழ்நாளில் நான் மாற்றிய ஒரே சட்டதிட்டம் அதுதான். அதுவும் அவள் சொன்னது.

சில வருடம் கழித்துச் சின்னப்பொண்ணு பிள்ளைகளோடு திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. எதற்குச் சொல்லவேண்டும்?

லைன் வீடுகளையும் ஷெட்டையும் இடித்து இப்போது அங்கே ஒரு ரிசார்ட் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் மாணவிகளோடு வேலிக்கு வெளியே நின்று, என் தப்பில் எதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒன்றை மட்டும் அவர்களுக்குக் காட்ட முடிவதில்லை. அந்நாளில் ஐந்து மணிக்கு வேலை விட்டதும், காப்பிச் செடிகளுக்கு நடுவே ஆள் தெரிவதற்கு முன்பே தாய்மாரின் குரல் வந்துவிடும். அவரவர் பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே சரிவில் இறங்குவார்கள். ஷெட்டுக்குள் பிள்ளைகள் எல்லாம் விளையாட்டை விட்டு அசையாமல் நிற்கும். தன் பெயர் காதில் விழுந்ததும் அந்தப் பிள்ளை மட்டும் வாசலுக்கு ஓடும்.