பியோனிக்குக் குளிருமோ?

ஜெர்மனிக்கு வந்து இத்தனை வருசமாகியும் குளிரோடு எனக்குச் சமாதானமில்லை. ஒக்டோபரிலேயே சொக்ஸுக்கு மேல் சொக்ஸ் போடுகிற ஆள் நான். என் மனிசியோடு ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஜெர்மன் அக்கா ஒருவர், தன் தாய் நட்ட பியோனிப் பூச்செடியின் கிழங்கில் ஒரு துண்டை வெட்டி அவளுக்குப் பரிசாகக் கொடுத்தார். அதைக் காப்பாற்றும் பொறுப்பை நானாகவே தலையில் போட்டுக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

பெரிய பூச்சாடியில் நட்டு பல்கனியில் வைத்தோம். இலையுதிர்காலம் வந்ததும் தண்டெல்லாம் காய்ந்து சாய்ந்துவிட்டது. எனக்கு மனம் கேட்கவில்லை. சாடியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவந்து, இடுப்புப் பிடித்துக்கொள்ள, ஹோலில், வீட்டைச் சூடாக்கும் ஹைசுங்குக்குப் பக்கத்தில் வைத்தேன். என் பழைய மப்ளரையும் சுற்றிவிட்டேன்.

"எனக்குக் குளிருதெண்டா யன்னலைப் பூட்டவும் எழும்பமாட்டியள். பூக்கண்டுக்கு மப்ளரோ?" என்றாள் மனிசி.

"அது வாயில்லாச் சீவனப்பா."

"ஓம், எனக்கு வாய் இருக்கிறதுதான் உங்களுக்குப் பிரச்சினை."

வசந்தத்தில் இலை வந்தது, செழிப்பாக. மொட்டு மட்டும் இல்லை. அடுத்த வருசமும் அதே கதை. ஒவ்வொரு வைகாசியிலும் அந்த அக்கா போன் எடுத்து, பூத்துவிட்டதா என்று கேட்பார். மனிசி உடனே மழையைப் பற்றிப் பேசத் தொடங்குவாள். போனை வைத்துவிட்டு, "தாயின்ர ஞாபகமா வச்சிருந்ததைத் தந்தவ. நான் நாசமாக்கிப்போட்டன் எண்டு நினைக்கப்போறா" என்று கலங்குவாள்.

மூன்றாவது குளிர்காலத்தில் அக்கா கோப்பி குடிக்க வந்தார். மப்ளர் கட்டிய சாடியில் கண் போய் நின்றது.

"இது ஏன் உள்ளே நிற்கிறது?"

"வெளியில் உறைபனியல்லவா!" என்றேன், பெருமையோடு.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "குளிரில் கிடந்தால்தான் இதற்கு மொட்டு வரும். மேலே காய்ந்தாலும் மண்ணுக்குள் கிழங்கு உறங்கும். நீங்கள் அதை உறங்கவே விடவில்லையே!"

மனிசி என்னைப் பார்த்த பார்வைக்கு அன்றைக்கு ஹைசுங்கே தேவைப்படவில்லை.

சாடி அன்றே வெளியே போனது. மறுநாள் காலை பனி கொட்டியது. ஒரு கம்பளியை எடுத்துக்கொண்டு பூனைபோலப் போய்ப் பல்கனிக் கதவில் கைவைத்தேன்.

"கையை எடுங்கோ!"

"சும்மா பாக்க வந்தனான்."

"கம்பளியோடயோ?"

பனி கரைந்தபின் மண்ணைப் பிளந்துகொண்டு சிவப்பு முளைகள் வந்தன. பிறகு ஒரேயொரு மொட்டு. அந்தப் பக்கம் போக எனக்கு அனுமதியில்லை. வைகாசி முடிவில் அது விரிந்தது, என் உள்ளங்கையைவிடப் பெரிதாக, இளஞ்சிவப்பில். அக்கா ஓடிவந்து பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மனிசியைக் கட்டிப்பிடித்து, "அம்மாவின் பூ அப்படியே இருக்கிறது" என்றார். நான் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அவர் போனபின் மனிசி பூவையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"ஒரு குளிருக்கு வெளியில விட்டதுக்கே இது இப்பிடிப் பூத்திட்டுது. வாற மார்கழிக்கு உங்களையும் வெளியில விட்டுப் பாப்பம்."

நான் சொக்ஸை மெல்ல மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன்.