‘நாளே பா’ மமதாவும் என் ரவிக்கையும்

நான் நடத்திவைத்த பிரசவங்கள் நூறாவது இருக்கும். நூறு என்பது சற்றுக் கூடுதல்தான். ஐம்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கணவர் வெங்கடராமன் செய்தித்தாளை இறக்கிவிட்டு என்னைப் பார்க்கிறார். ஆகவே உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஒன்று. அந்த ஒன்றிலும் நான் பிரசவ அறைக்குள் போகவில்லை. ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்கவில்லை. ஆஸ்டின் டவுனில் ஒரு தையல் கடையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி, வாயால் மட்டுமே நடத்தினேன். முடிந்தால் எந்த டாக்டராவது இப்படிச் செய்து காட்டட்டும்.

பெற்றவள் மமதா. ஸ்ரீராம்புரத்தில் பிறந்து, அங்கேயே தையல் கற்று, ஆஸ்டின் டவுனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணவன் சீனு ஆட்டோ ஓட்டுகிறான். மாமியார் வள்ளியம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து ஓய்வுபெற்றவர். பிள்ளைகளை அதட்டிப் பழகிய வாய் சும்மா இருக்காமல் இப்போது வீட்டை அதட்டுகிறது. மகள் ஸ்னேஹாவுக்கு நான்கு வயது. வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு மிதி மெஷின், ஒரு வெட்டும் மேஜை, மேஜைக்கு அடியில் மூட்டை மூட்டையாக ஊராருடைய துணி.

மமதாவின் வெட்டு அப்படிப்பட்டது. தோளில் இறங்காது, அக்குளில் பிடிக்காது. அவள் தைத்த ரவிக்கையைப் போட்டால் என் முதுகு இருபது வயது குறைந்து நிற்கும். ஆனால் சொன்ன நாளில் அவள் எதையும் தைத்துக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

பல வருஷங்களுக்கு முன் இந்த ஊரில் ஒரு பேய்க்கதை பரவியது. வீட்டு மனிதர்களின் குரலில் பேசிக் கதவைத் தட்டும் பேய் அது. அதை ஏமாற்ற ஜனங்கள் கதவில் கன்னடத்தில் ‘நாளே பா’, அதாவது ‘நாளைக்கு வா’, என்று எழுதி வைத்தார்கள். பேய் வரும், படிக்கும், சரியென்று திரும்பிப் போகும். மறுநாளும் வரும், மறுபடி படிக்கும். எழுத்துக் கூட்டத் தெரிந்த, சொன்ன பேச்சுக் கேட்கிற பேய். மமதாவின் வாடிக்கையாளர்களாகிய நாங்கள் அந்தப் பேயின் வம்சம். அவள் கதவில் எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம், வாயிலேயே வைத்திருந்தாள்.

“கரண்ட் போச்சு பாட்டிமா, நாளைக்கு வாங்க.”

“லைனிங் துணி நனைச்சுப் போட்டிருக்கேன், காயணும். நாளைக்கு.”

“உங்களுதுதான் அடுத்தது. கத்திரிய எடுத்தேன், நீங்க வந்துட்டீங்க.”

தப்பு என்னுடையதாகிவிடும். ஸ்னேஹாவும் தாய்க்குத் தப்பாமல் பிறந்தவள். கழுத்தில் அளவு டேப்பை மாலையாகப் போட்டுக்கொண்டு மேஜைக்கடியில் உட்கார்ந்திருப்பாள். “சாப்பிட வாடி” என்று வள்ளியம்மா கூப்பிட்டால் உள்ளேயிருந்து குரல் வரும்: “நாளைக்கு வா.”

இப்படிப்பட்டவள் இரண்டாவது தடவை உண்டானாள். டாக்டர் தமயந்தி ஒரு தேதி சொன்னார். அந்தத் தேதி வந்தது, போனது. குழந்தை வரவில்லை.

அந்தத் தெரு எத்தனை நாளாக இதற்குக் காத்திருந்ததோ! பக்கத்து வீட்டு க்ளென் முதல் ஆளாக வந்தார். அவர் பாண்ட் போன கிறிஸ்துமஸிலிருந்து மேஜைக்கடியில் கிடந்தது.

“என்னா மமதா, டேட் ஆயிடுச்சே? வெளியே வராட்டி எப்படி மேன்? ஒன்பது மாசமா உள்ள இருந்து நீ கஸ்டமர்கிட்ட பேசறத கேட்டிருக்குது. நாளைக்குன்னா என்னிக்குன்னு அதுக்குத் தெரியும்!”

“உங்க பாண்டுல ஜிப்பே வெக்க மாட்டேன், பாருங்க” என்றாள் மமதா.

வாய்தான் பேசியது. உள்ளுக்குள் அவளுக்குப் பயம். டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: “குழந்தை நல்லா இருக்கு, துடிப்பு நல்லா இருக்கு, அவசரமில்லை. திங்கட்கிழமை வரைக்கும் தானா வலி வருதான்னு பார்ப்போம். வரலைன்னா அட்மிட் பண்ணி மருந்து வைப்போம். அதுக்கும் சரிவரலைன்னா ஆபரேஷன்.”

ஆபரேஷன் ஒன்றும் பாவமில்லை. என் மருமகளுக்கு இரண்டும் அப்படித்தான், இரண்டும் வக்கீல்களைப் போலப் பேசுகின்றன. மமதாவின் கணக்கு வேறு. “பாட்டிமா, வயித்துல தையல் போட்டா எத்தன நாளைக்கு மெஷின் மிதிக்க விடுவாங்க? ஸ்னேஹாவ தூக்காம இருக்க முடியுமா? அவ தானாத்தான் வந்தா. பொறந்த மூணாம் நாள் நான் எழுந்து நடந்தேன். இதுவும் தானா வரணும், அவ்ளோதான்” என்றாள்.

ஆளுக்கொரு வைத்தியம் ஆரம்பித்தது. வள்ளியம்மா சீரகக் கஷாயம் வைத்தார். சீனு அவளை ஆட்டோவில் ஏற்றி, அடுகோடிப் பக்கம் தோண்டிப் போட்டிருந்த ரோடு முழுக்கக் குலுக்கிக்கொண்டு போனான். பள்ளம் ஒன்றுவிடாமல் இறங்கி ஏறியதில் ஆட்டோவின் ஒரு விளக்கு கழன்று விழுந்தது. மமதா சுகமாகத் தூங்கிவிட்டாள். “மாசக்கணக்குல இப்படித் தூங்கல” என்று இறங்கும்போது நன்றி வேறு சொன்னாளாம்.

சனிக்கிழமை நான் என் ரவிக்கைக்காகப் போனேன். அடுத்த வாரம் என் கணவருக்குச் சதாபிஷேகம். எண்பது முடிந்த கிழவருக்குப் பக்கத்தில் நான் மறுபடி மணப்பெண்ணாக உட்கார வேண்டும். அரக்குப் பட்டில் ரவிக்கைத் துணி கொடுத்து இரண்டு மாதமாகிவிட்டது.

கடையில் ரகளை. வள்ளியம்மா கையில் ஒரு குட்டிச் சட்டை. உள்ளங்கை அளவு, பச்சை, மஞ்சள், ஊதா என்று ஏழெட்டுத் துண்டு ஒட்டுப்போட்டு அவ்வளவு அழகாகத் தைத்திருந்தது. மெஷின் டிராயரில் ஒளித்து வைத்திருந்ததை ஸ்னேஹா எடுத்துத் தன் பொம்மைக்கு மாட்டி, மாட்டிக்கொண்டுவிட்டாள்.

“பொறக்கறதுக்கு முன்னாடி யாராச்சும் சட்ட தெப்பாங்களாடி? பொறந்த புள்ளைக்குப் பழைய வேட்டித் துணிதான் மொதல்ல. புதுசு அப்பறம். இது தெரியாத பொம்பள உண்டா? அதான் அது வர மாட்டேங்குது! பிரி, இப்பவே பிரி எல்லாத்தையும்!”

ஊரார் துணியையெல்லாம் தள்ளிப்போட்டவள், உலகத்திலேயே ஒரே ஒரு துணியை நாள் வருவதற்கு முன்பே தைத்து முடித்திருக்கிறாள். அது இந்தச் சட்டை. தையல்காரிக்கு மட்டுமே வரக்கூடிய அவசரம். மமதா தையல் பிரிக்கும் முள்ளைக் கையில் எடுத்தாள். கண் நிறைந்துவிட்டது. அவள் அழுது நான் பார்த்ததே இல்லை; எங்களைத்தான் அழ வைப்பாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ரவிக்கை நினைவும் கூடவே இருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

“முள்ளைக் கீழே போடு” என்றேன். “வள்ளியம்மா, நீங்க சொன்னதில் பாதி சரி. தைத்தது தப்பில்லை. தைக்காமல் விட்டதுதான் தப்பு.”

“இன்னாம்மா சொல்றீங்க?”

நான் எம்.ஏ. படித்தவள். எதையும் ஆதாரமில்லாமல் சொல்லமாட்டேன். ஆதாரத்தை அங்கேயே தயார் செய்தேன். “பெயர் சொல்லக்கூடாத ஒரு அரண்மனை. அங்கே தையல்காரியும் ராணியும் ஒரே சமயத்தில் உண்டானார்கள். ராணிக்குப் பிறந்துவிட்டது, தையல்காரிக்கு வரவில்லை. பதினோரு மாதம், பன்னிரண்டு மாதம்! கடைசியில் ஒரு வைத்தியச்சி வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளேயிருந்து குழந்தை சொன்னதாம்: ‘ராஜாவின் அங்கிக்கு இன்னும் ஒரு கை வைக்கவில்லை. அரைகுறை வேலை கிடக்கும் வீட்டுக்கு நான் எப்படி வருவது?’ அன்று சாயங்காலம் கை வைத்தாள். ராத்திரி பெற்றாள். ஆகையால் மமதா, பாக்கித் துணியெல்லாம் முடிந்தால்தான் உனக்கு வலி வரும். முதலில் என் ரவிக்கை... இல்லை, வரிசைப்படியே செய்.”

மமதா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நம்பினாளா, நம்பியதுபோல் இருந்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வள்ளியம்மா நம்பிவிட்டார். அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை சீனு ஒவ்வொருவருக்காக போன் செய்தான். “அக்கா, உங்க பிளவுஸ் இன்னிக்கு ரெடி ஆவுது. நெஜமா. இல்லக்கா, குடிக்கல.” நம்பாமல் வேடிக்கை பார்க்கவே பாதி ஆஸ்டின் டவுன் வந்தது. வந்தவர்களைச் சும்மா விடவில்லை. காஜா எடுக்கத் தெரிந்தவர்களுக்குக் காஜா, ஹெம்மிங் தெரிந்தவர்களுக்கு ஹெம்மிங், ஒன்றும் தெரியாத க்ளெனுக்கு நூல் நறுக்கும் வேலை. அவர் பாண்ட் காலை அவரே மடித்துத் தைத்தார். ஒரு கால் மற்றதைவிட உயரம். “ஃபேஷன் மேன்” என்றார்.

மமதாவுக்கு மெஷினில் உட்கார நேரமில்லை. மேஜைக்கடியில் மூட்டையை இழுக்கக் குந்தினாள், எழுந்தாள், மறுபடி குந்தினாள். இந்தக் கோடியில் ஒருத்தி கையைத் திருப்பித் தைத்தாள், அந்தக் கோடியில் ஒருத்தி கழுத்தைக் கோணலாக்கினாள்; இருவருக்கும் நடுவே நடையாய் நடந்தாள். “ஐயோ, அது முன்பக்கம்க்கா! யாராச்சும் பட்டிய முதுகுல வெப்பாங்களா? ஸ்வல்ப பொறுங்க, வரேன்!” கேட்பவர்கள் நாங்கள், பொறுக்கச் சொல்பவள் அவள், அதில் மாற்றமில்லை. ஸ்னேஹா டேப்பால் ஒவ்வொருவரின் மூக்கையும் அளந்துகொண்டு வந்தாள்.

மத்தியானத்துக்குள் மேஜைக்கடி காலி. அங்கே தரை இருப்பதை அன்றுதான் நாங்கள் பார்த்தோம். மீதி ஒன்றே ஒன்று: என் அரக்கு ரவிக்கை. அதை மமதாவே எடுத்தாள். உட்கார்ந்து மிதித்தாள். கை வைத்தாள், கழுத்துக்குப் பைப்பிங் வைத்தாள். கடைசி ஹூக்கை வைத்து, நூலைப் பல்லால் கடித்து, என்னிடம் நீட்டி எழுந்தாள் பாருங்கள், மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“அத்த” என்றாள் வள்ளியம்மாவைப் பார்த்து. “வந்துடுச்சு.”

சீனு ஆட்டோவை எடுத்தான். பத்து வருஷமாக எந்தச் சவாரிக்கும் போடாத மீட்டரை அன்று பதற்றத்தில் பெண்டாட்டிக்குப் போட்டுவிட்டான். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அவள் வலியோடு மீட்டரைப் பார்த்து, “இது ஓடுமா?” என்று கேட்டாளாம்.

உள்ளே கூட இருந்தவர் வள்ளியம்மா. அவர் சொன்னதைச் சொல்கிறேன். டாக்டர் தமயந்தி அவளைப் படுக்கப் போடவில்லை. நடக்கச் சொன்னார், கட்டிலைப் பிடித்துக் குந்தச் சொன்னார், வலி விட்டபோது மோர் குடிக்கச் சொன்னார். வலி முற்றி மமதா முக்கப் பார்த்தபோது, “இப்ப வேண்டாம்மா, இன்னும் கொஞ்சம் பொறு” என்றார் டாக்டர். மமதா அறை அதிர, “இதயேதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்! எனக்கேவா!” என்று கத்தினாள். நர்சுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவளுடைய சுடிதாரும் அந்த மேஜைக்கடியில் மாதக்கணக்கில் கிடந்து அன்று காலையில்தான் கைக்கு வந்ததாம்.

அந்தி விளக்கு வைக்கும் நேரத்தில் பையன் பிறந்தான். மருந்தில்லை, கத்தியில்லை, தானாக. வள்ளியம்மா பழைய வேட்டித் துணியில் சுற்றி எடுத்தார். பேர் வைக்கும் நாளில்தான் அந்த ஒட்டுச் சட்டை ஏறியது. பார்க்க வந்த பெண்கள் குழந்தையைப் பார்க்கவில்லை. “அந்தப் பச்சை என்னுது! அதனாலதான் என் கை குட்டையாப் போச்சு!” என்று ஒருத்தி, “ஊதா என்னுது” என்று இன்னொருத்தி. காலர் மட்டும் சாம்பல் நிறம். க்ளென் தன் பாண்டைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பையனுக்குத் தேஜஸ் என்று பெயர்.

என் கணவரின் சதாபிஷேகமும் சிறப்பாக நடந்தது. அரக்கு ரவிக்கையில் நான் அத்தனை அம்சமாக இருந்தேன். அன்று முழுதும் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டே இருந்தது நாணத்தினால்.

இதையெல்லாம் எழுதி, அச்சுக்கு அனுப்புமுன், மமதாவின் கடைக்கே போய்ப் படித்துக்காட்டினேன். மேஜைக்கடியில் மறுபடி மூட்டைகள் சேர்ந்திருந்தன. தேஜஸ் தொட்டிலில் கிடந்தான், ஸ்னேஹா ஆட்டினாள். மமதா மெஷினை மிதித்துக்கொண்டே கடைசிவரை கேட்டாள். பிறகு டிராயரைத் திறந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். பிரித்தேன். பித்தளை ஹூக்குகள்.

“கத சூப்பரு பாட்டிமா. ஒண்ணே ஒண்ணு. கடைசி ஹூக்கு இல்ல. மொத ஹூக்கே நான் வெக்கல. ஊசில நூல் கோத்தேன், வலி வந்துடுச்சு. நீங்க பாட்டுக்கு என் கையிலேருந்து புடுங்கிக்கினு போய்ட்டீங்க. பாக்கி கெடக்கச்சேதான் இவன் வந்தான். ஃபங்ஷன் போட்டோல பாருங்க, தலைப்புக்குள்ள வரிசையா சேஃப்டி பின்னு மின்னுது. பிளவுஸ குடுங்க, வெச்சுத் தரேன்.”

“எப்போடி?”

மமதா வாயைத் திறப்பதற்குள் தொட்டிலடியிலிருந்து ஸ்னேஹா சொன்னாள்: “நாளைக்கு வா.”