எச்சில் படாத கேக்

வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு பிரிக்பீல்ட்ஸில் நான் அவ்வப்போது பேசுவதுண்டு. அந்தப் பிள்ளைகளும் மற்றவர்களோடு ஒரே வகுப்பில் படிக்கலாம் என்பேன். அதைக் கேட்ட ஒரு தாய் தன் மகனைக் கிள்ளானில் ஒரு பாலர் பள்ளியில் சேர்த்தார். அவனுக்கு டவுன் சிண்ட்ரோம். வாயில் எச்சில் ஒழுகும்.

அவன் பிறந்தநாளுக்கு அவர் பள்ளிக்குக் கேக் கொடுத்தனுப்பினார். ஆசிரியை எடுத்து அனுப்பிய வீடியோவை அந்தத் தாய் என்னிடம் காட்டினார். எல்லாப் பிள்ளைகளும் அவன் பெயரைச் சொல்லிப் பாடினார்கள். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தது மட்டும் வேறொரு சிறுமி.

உடனே ஆசிரியைக்குப் போன் போட்டேன்.

"கேக்ல எச்சில் பட்டா மத்த பேரன்ட்ஸ் கம்ப்ளெய்ன் பண்ணுவாங்க லா அக்கா. அவனுக்கும் ஒரு பீஸ் கொடுத்தோமே!"

கொடுத்தார்களாம், அவன் வீட்டுக் கேக்கை அவனுக்கே! அந்தச் சிறுமி ஊதியபோது மட்டும் கேக்கில் பன்னீரா தெறித்தது? போனை வைத்தேன்.

"விடுங்கக்கா, அவனைச் சேர்த்துக்கிட்டதே பெருசு," என்றார் அந்தத் தாய்.

வீடியோவை மறுபடியும் ஓட விட்டேன். எல்லாருக்கும் பின்னால், தனி நாற்காலியில் உட்கார்ந்தபடி, அவன் உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தான்.