மெல்ரொனுக்கு அனுப்பின படம்

இராயப்புவுக்குப் பொய் சொல்ல வராது. அறுபத்தொரு வயசாகியும் ஒரு சின்னப் பொய் சொன்னால் காது ரெண்டும் சிவந்துபோம். முல்லைத்தீவுக் கரைக்கு மீன் வாங்க வாற யாவாரிமாருக்கு இது நல்லாத் தெரியும். "எப்ப பிடிச்சது அண்ணை?" எண்டு கேட்டுப்போட்டு அவற்றை வாயைப் பார்க்காயினம், காதைத்தான் பார்ப்பினம். இப்பிடிப்பட்ட மனிசனைப் பக்கத்தில வைச்சுக்கொண்டுதான் அவற்றை மனிசி புனிதமலர் மூண்டு மாசமா முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைச்சுக்கொண்டிருந்தா.

மறைச்சது வேறை ஒண்டுமில்லை, தன்ர வருத்தத்தைத்தான். வயித்துக்குள்ள கட்டி. கண்டுபிடிக்கேக்கையே முத்திப்போச்சு. கொழும்பில மருந்து ஏத்தினவை, தலைமயிர் கொட்டினதுதான் கண்ட மிச்சம். கடைசியா, "வீட்டை கொண்டுபோய் அவா விரும்பினதைச் சமைச்சுக் குடுங்கோ" எண்டு அனுப்பிவிட்டினம். அந்தக் கதையின்ர அர்த்தம் இராயப்புவுக்கு வவுனியா தாண்டேக்கதான் விளங்கினது. பஸ்ஸுக்குள்ள, அவ்வளவு சனத்துக்கு முன்னால, மனிசன் வாய்விட்டு அழுதார். அவாதான் தண்ணிப் போத்தலை நீட்டினா.

ஆருக்கு மறைச்சவா? பெத்த ஒரே பிள்ளை மெல்ரொனுக்கு. ஆறு வருசமா பிரான்ஸில நிக்கிறான். அவன்ர அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. இந்த நேரம் நாட்டுக்கு வந்தால் கேஸ் அதோட சரி, திரும்பிப் போகேலாது. "என்ர சாவுக்காக அவன்ர சீவியம் பாழாப் போகக்கூடாது" எண்டு புனிதமலர் ஒரே பிடி. "அவனுக்கு வாய் துறந்தியள் எண்டால், அந்தோனியாராணை, உங்கட கையால ஒரு மிடறு தண்ணியும் குடிக்க மாட்டன்" எண்டு சத்தியமும் வாங்கிப்போட்டா.

பெடியன் ஃபோன் எடுத்தால் கதைப்பா. குரல் அடைச்சால் தடிமன், சளி எண்டுவா. வீடியோவில வாங்கோ எண்டு கேட்டால் சிக்னல் இல்லை, கமரா பழுதாப் போச்சு, குசினியில வேலை கிடக்கு எண்டு ஏதாவது ஒரு சாட்டு. எத்தினை நாளைக்குச் சொல்லலாம்? அவன் என்ன மொக்கனே? போன வியாழக்கிழமை கத்தினான். "ஞாயிற்றுக்கிழமைக்குள்ள அம்மான்ர முகத்தை நான் பார்க்கோணும். படமாவது எடுத்துப் போடுங்கோ. இல்லாட்டி டிக்கெற் போட்டு வந்து இறங்குவன். பிறகு என்னை ஒருதரும் ஒண்டும் கேக்கக்கூடாது."

அதால ஞாயிறு மத்தியானம் வீட்டுக்குள்ள படம் எடுக்கிற வேலை தொடங்கிச்சு. முத்தத்து வெயிலில எடுக்கேலாது, கண்ணின்ர மஞ்சள் அப்பிடியே தெரியும். பத்தாததுக்கு வேலிக்கு மேலால எட்டிப் பார்க்கச் சனம் நிக்கும். யன்னலைச் சாத்தினால் அறை இருட்டு. முகட்டு பல்ப்பைப் போட்டால் கண் ரெண்டும் கிடங்காத் தெரியுது. மிச்சம் இருந்தது இராயப்பு களப்பில இறாலுக்குப் போகேக்க நெத்தியில கட்டுற லைற் ஒண்டுதான்.

புனிதமலர் கட்டிலில இருந்தபடியே நீலச் சீலையைச் சுத்தினா. மொட்டந்தலை தெரியாமல், பூசைக்குப் போடுற வெள்ளை முக்காட்டைப் போட்டா. "கோயிலால வந்த கையோட எடுத்தது எண்டு நினைப்பான்." பிறகு கன்னம் உப்பித் தெரியவெண்டு ஆஸ்பத்திரிப் பஞ்சை உருட்டி ரெண்டு கொடுப்புக்குள்ளயும் அடைஞ்சா. பொய் சொன்னால் சுவாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனத்துக்கு ஓடுற மனிசி!

மனிசன் என்ன செய்தார் தெரியுமே? பழக்கதோசம், லைற்றைத் தன்ர நெத்தியில கட்டிக்கொண்டு, ஃபோனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு முன்னால போய் நிண்டார்.

"உங்களுக்கென்ன விசரே? நான் என்ன இறாலே? கண்ணுக்குள்ள அடிக்கிறியள்!" பஞ்சு வாயோட அவா சத்தம் போட்டா.

படத்தைப் பார்த்தால் நெத்தி வெள்ளை வெளேரெண்டு, கன்னத்து எலும்பு ரெண்டும் துருத்திக்கொண்டு நிக்குது. லைற்றைக் கழட்டிப் பக்கத்தில பிடிச்சுப் பார்த்தார். பாதி முகம் இருட்டு, மற்றப் பாதியில எலும்பு இன்னும் கூட. கீழால பிடிச்சால் அசல் பேய். முப்பது படத்துக்குக் கிட்ட எடுத்தாச்சு, ஒண்டும் உருப்படியில்லை. அவாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கிச்சு.

உள்ளதைச் சொன்னால், ஒவ்வொரு படமும் பிழைக்கப் பிழைக்க இராயப்புவுக்கு ஒரு பக்கம் ஆறுதலாத்தான் இருந்தது. படம் சரிவராட்டி மகன் வருவான். அவன் வந்து தாயின்ர கையைப் பிடிக்கோணும், இந்த வீட்டில தான் மட்டும் தனிய நிண்டு இதைப் பார்க்கேலாது எண்டு அவருக்கு அவ்வளவு ஆசை.

"மலர், விடு. அவன் வரட்டும்."

"வந்து? ஒரு கிழமை என்னைப் பார்த்து அழுவான். பிறகு நாப்பது வருசம் இஞ்சை கிடந்து அழுவான். எடுங்கோ படத்தை!"

அவருக்குக் கோவம் தலைக்கேறிச்சு. "சனியன் பிடிச்ச லைற்!" எண்டு அதைத் தூக்கி மூலைக்கு எறிஞ்சார். அங்கை ஐஸ் போட்டு மீன் அடுக்கிற ரெஜிபோம் பெட்டியின்ர வெள்ளை மூடி சுவரில சாத்திக் கிடந்தது. லைற் நூரேல்லை. மூடியைப் பார்த்தபடி எரிஞ்சுகொண்டு கிடந்தது. மூடியில பட்ட வெளிச்சம் திரும்பி, பால் மாதிரி வந்து புனிதமலரின்ர முகத்தில விழுந்தது. கன்னத்துக் குழியைக் காணேல்லை. எலும்பைக் காணேல்லை. வருத்தம் வாறதுக்கு முந்தின மலர் அப்பிடியே கட்டிலில இருக்கிறா.

இராயப்பு மூடியையும் அவாவையும் மாறி மாறிப் பார்த்தார். பேசாமல் லைற்றை எடுத்து நூர்த்துவிட்டால் சரி, படமும் இல்லை, மகனும் வந்திடுவான். இந்த விசயம் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"என்ன பார்க்கிறியள்?"

"ஒண்டுமில்லை."

"காது சிவக்குது. சொல்லுங்கோ."

சொன்னார். வேறை என்ன செய்யிறது? அவற்றை விதி அது. மூடியைக் கதிரையில நிமித்தி வைச்சு, லைற்றை அதுக்கு நேர கட்டி, ஃபோனைத் தூக்கினார். அவாவைச் சிரிக்க வைக்க, "உன்ர அண்ணர் வள்ளத்தால விழுந்து, இடுப்பில கட்டின சாரத்தைக் கடலுக்கு விட்டுட்டு வந்தவரெல்லே" எண்டார். பஞ்சு வாயை இறுக்கிக்கொண்டு அவா சிரிச்சா. அந்தச் சிரிப்போட ஒரு படம். ஒண்டே ஒண்டு.

புனிதமலர் ஃபோனை வாங்கிக் கனநேரம் பார்த்தா. "வடிவாத்தான் இருக்கிறன், என்ன?" எண்டா. அனுப்பச் சொன்னா. இராயப்பு அனுப்பினார்.

அங்கை அப்ப காலமை. அஞ்சு நிமிசத்தில மெல்ரொன்ர குரல் மெசேஜ் வந்து விழுந்தது.

"அம்மா! நான் சும்மா பயந்துபோனன். நல்லா இருக்கிறியள், கொஞ்சம் கொழுத்தும் போனியள். அப்பா வடிவாப் பார்க்கிறார் போல. சரி, நான் வரேல்லை. கேஸ் முடியட்டும், வாற வருசம் கிறிஸ்மஸுக்கு வாறன். இனி முகத்தைக் காட்டுங்கோ எண்டு கரைச்சல் தரமாட்டன்."

புனிதமலர் பஞ்சைத் துப்பிப்போட்டுச் சிலுவை போட்டா. "ஆண்டவரே, உமக்குத் தோத்திரம். நம்பீற்றான்!" முகமெல்லாம் சந்தோசம். "இன்னொருக்காப் போடுங்கோ" எண்டா. போட்டார். மூண்டாந்தரமும் போடச் சொன்னா. அது முடியேக்க ஃபோனைத் தள்ளி வைச்சா.

"இஞ்சேருங்கோ, ஒருக்காக் கூட அவன் சந்தேகப்படேல்லையே. பெத்த பிள்ளைக்கு என்ர முகம் தெரியேல்லையே! வாற வருசமாம். வாற வருசம் நான் எங்கை?"

மூண்டு மாசமா ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிசி குழறி அழுதா. இராயப்புவால தாங்கேலாமல் போச்சு. "இப்பவே எடுத்து உள்ளதைச் சொல்லுறன்" எண்டு ஃபோனை எடுத்தார்.

கட்டிலால எழும்பேலாமல் கிடந்தவாவுக்கு அந்தப் பலம் எங்கையிருந்து வந்ததோ, எட்டி அவற்றை மணிக்கட்டைப் பிடிச்சா. நகம் தசைக்குள்ள இறங்கிச்சு. "சொல்லாதேங்கோ" எண்டா. அவாவின்ர அழுகையும் நிக்கேல்லை, பிடியும் விடேல்லை.